பள்ளி ஜாஸ் குழுவில் மாணவிகள்: வேலூர் வட்டாரப் பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டி

சுதந்திர தினத்தன்றும் குடியரசு தினத்தன்றும் நம் பகுதிப் பள்ளிகளின் பேண்டு குழுக்கள் அணிவகுத்து வரும்போது ஒன்றைக் கவனிக்கலாம். பெண்கள் பள்ளியின் குழுவில் பேஸ் டிரம் முதல் டிரம்பெட் வரை எல்லாவற்றையும் மாணவிகளே வாசிக்கிறார்கள். இருபாலர் பள்ளியின் குழுவிலோ டிரம்மும் ஊதுகருவிகளும் பெரும்பாலும் மாணவர்கள் கையில் இருக்க, மாணவிகள் கொடி பிடிக்கிறார்கள், அல்லது சிறிய தாளக் கருவியொன்றுடன் வரிசையின் ஓரத்தில் நடக்கிறார்கள். பேஸ் டிரம்மின் எடை இரண்டு பள்ளிகளிலும் ஒன்றுதான். ஆகவே உடல் வலிமை என்று சொல்லப்படும் காரணம் நிற்காது. முதல் நாள் கருவியை எடுத்து யார் கையில் கொடுக்கிறோம் என்பதுதான் பிறகு நடப்பதையெல்லாம் தீர்மானிக்கிறது.

அணிவகுப்போடு நில்லாமல், தங்கள் பேண்டு குழுவை ஜாஸ் வாசிக்கும் குழுவாக வளர்க்க விரும்பும் பள்ளிகளுக்காகவும், அதில் சேர விரும்பும் மாணவிகளுக்காகவும், அவர்களுடைய பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். ஜாஸ் இசையில் எழுதிக் கொடுத்ததை மட்டும் வாசித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியாது. ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது, பாட்டின் கட்டுக்குள் நின்று, அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்க வேண்டும். நம் கச்சேரிகளில் கற்பனை ஸ்வரத்துக்கு உள்ள இடம் இங்கே தனி வாசிப்புக்கு உண்டு. எனவே பெயர்ப் பட்டியலில் எத்தனை மாணவிகள் இருக்கிறார்கள் என்பதை வைத்து நான் ஒரு குழுவை மதிப்பிடுவதில்லை. ஒரு மாணவி எழுந்து நின்று தன் சொந்தக் கற்பனையில் பன்னிரண்டு பார் (பார் என்பது நான்கு எண்ணிக்கை கொண்ட தாளப் பகுதி) வாசித்துவிட்டு உட்காரும் நாளில்தான் அவளுக்கு அந்தக் குழுவில் இடம் கிடைத்திருக்கிறது.

கையில் இருப்பதிலிருந்து தொடங்குவது

முழு ஜாஸ் குழு என்றால் வழக்கமாகப் பதினேழு பேர்: ஐந்து சாக்சபோன், நான்கு டிரம்பெட், நான்கு டிராம்போன், இவர்களுக்குப் பின்னால் பியானோ, கிட்டார், பேஸ் (கீழ் சுருதியில் ஒலிக்கும் தந்திக் கருவி), டிரம் செட். இத்தனை கருவிகளுக்கு நம் பள்ளிகள் காத்திருக்க வேண்டியதில்லை. ஐந்து அல்லது ஆறு பேர் கொண்ட சிறு குழுவிலும் ஜாஸ் முழுமையாக ஒலிக்கும். தொடக்கத்தில் அதுவே நல்லது, ஏனென்றால் சிறு குழுவில் யாரும் யாருக்குப் பின்னாலும் ஒளிந்துகொள்ள முடியாது.

நம் ஊரில் மாணவிகளிடம் ஏற்கெனவே இருக்கும் பயிற்சியை முதலில் கணக்கெடுங்கள். தேவாலய ஆராதனையில் கீபோர்டு வாசிக்கும் மாணவி ஒருத்தியாவது பெரும்பாலும் எந்தப் பள்ளியிலும் இருப்பாள். கார்டு, அதாவது ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, மாறும் இடத்தை அவள் காது முன்கூட்டியே அறியும். வயலினும் புல்லாங்குழலும் கற்றவர்கள் இருப்பார்கள். வயலின் ஜாஸுக்கு உதவாது என்று ஒதுக்கிவிடக் கூடாது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த ரெஜினா கார்ட்டர் ஜாஸ் வயலினிலேயே புகழ்பெற்றவர். பேண்டு குழுவில் சைடு டிரம் அடித்த மாணவிக்கு டிரம் செட்டின் பாதி வேலை கையில் வந்துவிட்டது; கால்களைப் பழக்குவதுதான் மீதி.

இப்படிக் கணக்கெடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. மாணவிக்குக் கீபோர்டும் பாட்டும் இயல்பு, மாணவனுக்கு டிரம்மும் டிரம்பெட்டும் இயல்பு என்று பழக்கத்தின் பேரில் பிரித்துவிடக் கூடாது. கீபோர்டு தெரிந்த மாணவி டிராம்போனுக்கு ஆசைப்பட்டால், அவளுடைய சுருதி ஞானம் அங்கேயும் பயன்படும்.

கருவியும் உடலும்

ஆல்டோ சாக்சபோன் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடையுள்ளது. அதைவிடக் கீழ் சுருதியில் ஒலிக்கும் டெனார் சாக்சபோன் ஒரு கிலோ அளவுக்குக் கூடுதல். டிரம்பெட் ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். புத்தகப் பையைத் தினமும் சுமக்கும் ஏழாம் வகுப்பு மாணவிக்கு இவை பெரிய சுமை இல்லை. கழுத்து வலித்தால் கழுத்துப் பட்டைக்குப் பதிலாக இரு தோள்களிலும் எடையைப் பகிரும் பட்டையை வாங்கிக் கொடுங்கள். டிராம்போனில் ஏழு நிலைகள் உண்டு. ஏழாவதை எட்ட நீண்ட கை வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் தொடக்கப் பாடங்களில் அந்த நிலை அரிதாகவே தேவைப்படும், அதற்குள் கையும் வளர்ந்துவிடும். ஏழு வயதில் டிராம்போனைக் கையில் எடுத்த மெல்பா லிஸ்டன் என்ற அமெரிக்கச் சிறுமி, பிற்காலத்தில் புகழ்பெற்ற ஜாஸ் டிரம்பெட் கலைஞர் டிஸி கில்லெஸ்பியின் பெரிய குழுவில் வாசித்தார், அதற்காக இசையும் அமைத்தார்.

நம் வீடுகளில் எழும் கேள்விகள் வேறு வகையானவை. ஊதினால் வாய் கோணிக்கொள்ளும், கன்னம் தொங்கிவிடும், மாதவிடாய் நாட்களில் வயிற்றை எக்கி ஊதக் கூடாது என்றெல்லாம் பெரியவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். முறையாகக் கற்றுக்கொண்டால் கன்னத்தை உப்பாமல்தான் ஊத வேண்டியிருக்கும், வாய் கோணுவதில்லை. மாதவிடாயின்போது ஊதக் கூடாது என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. வலி அதிகமாக இருந்தால் எந்த வேலைக்கும் ஓய்வெடுப்பதைப்போல அன்று ஓய்வெடுக்கலாம். பல்லுக்குக் கம்பி கட்டியிருந்தால் டிரம்பெட் உதட்டை அழுத்தி நோகவைக்கும். பல் மருத்துவரிடம் சொன்னால் கம்பியின்மீது வைக்கும் மெழுகைத் தருவார். ஆஸ்துமா உள்ள மாணவி மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

பெண்கள் ஊதுவதா என்று கேட்கும் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ நம்மிடமே பதில் உண்டு. நாகஸ்வரத்தைவிட மூச்சு கேட்கும் கருவி எது? மதுரை பொன்னுத்தாய் அதை வாசித்துப் பெயர்பெற்றார். காலிஷாபி மெஹபூப் தம் கணவரோடு இணைந்து நாகஸ்வரம் வாசித்து 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கத்ரி கோபால்நாத்தின் மாணவியான எம்.எஸ். லாவண்யா சாக்சபோனில் கர்நாடக இசை வாசிக்கிறார். இவர்களுடைய காணொளியை வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பது, நீண்ட வாக்குவாதத்தைவிட விரைவில் பலன் தரும்.

கருவி வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் ஆண்டுக்குப் பள்ளியின் கருவியோ பழைய கருவியோ போதும். பழைய சாக்சபோனை வாங்கும்போது, இருட்டான அறையில் அதன் குழலுக்குள் சிறிய விளக்கை விட்டு, எல்லாச் சாவிகளையும் மூடிப் பாருங்கள். மூடிய பேடுகளின் (துளையை அடைக்கும் சிறு மெத்தைகளின்) விளிம்பில் வெளிச்சம் கசிந்தால் காற்றும் கசியும். அப்படிக் கசியும் கருவியில் கீழ் ஸ்வரங்கள் பேசாது. மாணவியோ தனக்குத்தான் மூச்சு போதவில்லை என்று எண்ணிக்கொள்வாள். புதிதாக வாங்குவோர் காட்பாடியிலிருந்து ரயிலேறினால், சென்னை அண்ணா சாலையில் 1842-இல் தொடங்கப்பட்ட மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளில் நேரில் ஊதிப் பார்த்து வாங்கலாம்.

நம் ஊர் வெயிலைக் கருவிகளும் தாங்க வேண்டும். சாக்சபோனிலும் கிளாரினெட்டிலும் பொருத்தும் ரீடு நாணல் வகைத் தட்டையால் ஆனது. ஏப்ரல், மே மாதங்களில் அது காய்ந்து நுனி அலைஅலையாக நெளிந்துவிடும். ஊதி முடித்ததும் துடைத்து, தட்டையான ரீடு பெட்டியில் வைக்க வேண்டும். மூன்று நான்கு ரீடுகளைச் சுழற்சியில் பயன்படுத்தினால் ஒவ்வொன்றும் நீண்ட நாள் வரும். ரீடின் விறைப்பை எண்ணால் குறிப்பார்கள்; தொடக்கத்தில் ஒன்றரை அல்லது இரண்டு எண் கொண்ட ரீடு போதும். வெயிலில் நிற்கும் வண்டியில் கருவியை வைத்துவிட்டுப் போனால் பேடுகளை ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும்.

திரைக்குப் பின்னால் தேர்வு

குழுவுக்கு ஆள் எடுக்கும் நாளில்தான் பல மாணவிகளின் பாதை அவர்கள் அறியாமலேயே திரும்பிவிடுகிறது. டிரம்பெட்டைத் தொட்டுப் பார்க்க வந்த மாணவியிடம் ஒரு பேண்டு மாஸ்டர், "நீ நல்லா பாடுவியாமே, பாடும்மா. இதைப் பசங்க ஊதட்டும்" என்றார். அவர் நல்ல மனிதர், பாராட்டாகத்தான் சொன்னார். அந்த மாணவி, "ஒரு வாரம் ஊதிப் பாக்குறேன் மாஸ்டர், வரலைன்னா நீங்க சொல்றபடி பாடுறேன்" என்று கேட்டு அனுமதி வாங்கினாள். எல்லா மாணவிக்கும் அந்த வார்த்தை அந்த நேரத்தில் வந்துவிடாது. எனவே மாணவிகள் அதை முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள், மரியாதையோடு கேளுங்கள், அந்த ஒரு வாரமும் தினமும் வந்து ஊதுங்கள்.

ஆசிரியர்கள் செய்யக்கூடியது இன்னும் எளிது. மேற்கத்திய இசைக்குழுக்கள் பல, 1970-களிலிருந்து, வாசிப்பவர் யார் என்று தெரியாதபடி திரைக்குப் பின்னால் வாசிக்கச் சொல்லி ஆள் எடுக்கின்றன. காலணியின் ஓசைகூடக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று தரையில் விரிப்பு போடுவதும் உண்டு. நம் பள்ளியில் நாடக மேடைத் திரையோ, கயிற்றில் கட்டிய ஜமுக்காளமோ போதும். எல்லோருக்கும் ஒரே எட்டு பார் இசையை ஒரு வாரம் முன்பே கொடுத்துவிட்டு, பெயரைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லி வாசிக்கச் சொல்லுங்கள். இங்கே கொலுசுச் சத்தத்தையும் நினைவில் வைக்க வேண்டும். மதிப்பெண் போடுபவர் அறைக்குள் வருமுன்பே மாணவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டால் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

ஒரு பிரிவில் ஒரே ஒரு மாணவியை மட்டும் வைக்காதீர்கள். ஐந்து மாணவர்களுக்கு நடுவில் தனியாக உட்காரும் மாணவி தவறாக வாசித்தால் அது அவளுடைய தவறாக நிற்காமல் எல்லாப் பெண்களின் தவறாகப் பேசப்படுகிறது. அந்தப் பாரத்தோடு யாராலும் துணிந்து வாசிக்க முடியாது. இரண்டு பேர் இருந்தால் ஒருவர் விடுப்பு எடுத்தாலும் மற்றவர் தொடர்வார்.

ஒத்திகை முடியும் நேரம்

மாணவிகள் குழுவைவிட்டு விலகுவதற்கு இசை காரணமாக இருப்பது குறைவு. பேருந்துதான் காரணம். அணைக்கட்டு, ஒடுகத்தூர், ஊசூர் பக்கத்திலிருந்து வேலூருக்குப் படிக்க வரும் மாணவி, நாலரை மணிக்குத் தொடங்கும் ஒத்திகை ஆறரைக்கு முடிந்தால், இருட்டியபின்தான் ஊர்ப் பேருந்தைவிட்டு இறங்குவாள். ஒத்திகை ஆறு மணிக்கு முடியும் என்று சொல்லிவிட்டு ஆறேமுக்காலுக்கு முடிப்பது இரண்டு முறை நடந்தால் போதும், மூன்றாம் முறை அவள் வர மாட்டாள். அதற்காக வீட்டாரைக் குறை சொல்வதும் நியாயமில்லை.

காலையில் வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன் முக்கால் மணி நேரம், மதிய இடைவேளையில் பிரிவு வாரியாக இருபது நிமிடம், சனிக்கிழமை பகலில் ஒரு முழு ஒத்திகை என்று பிரித்துவிட்டால் மாலை நேரமே தேவைப்படாது. காலை ஒத்திகைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ போட்ட பேண்டு அறையில் மதியத்துக்குமேல் ஊதுவது யாருக்கும் துன்பம், சூட்டில் கருவியின் சுருதியும் ஏறிக்கொண்டே போகும். மாலையைத் தவிர்க்கவே முடியாவிட்டால், முடியும் நேரத்தைக் கடிதத்தில் எழுதித் தலைமையாசிரியர் கையொப்பத்தோடு பெற்றோருக்கு அனுப்புங்கள். ஒரே தடத்தில் போகும் மாணவிகள் யார் யார் என்று பார்த்து அவர்களைச் சேர்ந்து போகச் சொல்லுங்கள். பாட்டின் நடுவில் இருந்தாலும் சொன்ன நேரத்தில் நிறுத்துங்கள். மாணவர்கள் மட்டும் தொடர்ந்து வாசிக்கலாம் என்ற ஏற்பாடு வேண்டாம். புதிய பாட்டும் தனி வாசிப்பும் முடிவாவது அந்தக் கடைசி அரை மணி நேரத்தில்தான்.

வீட்டுப் பயிற்சிக்கும் இதே கவனம் வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் டிரம்பெட் ஊதினால் தெருவே கேட்கும். மாணவன் மொட்டைமாடிக்கோ ஏரிக்கரைக்கோ போய் ஊதிக்கொள்வான்; மாணவிக்கு அது எளிதில் வாய்ப்பதில்லை. பள்ளியில் ஓர் அறையைக் காலையில் திறந்து கொடுப்பதுதான் முதல் தீர்வு. வீட்டில் டிரம்பெட்டுக்குப் பயிற்சி மியூட் (சத்தத்தைக் குறைக்கும் அடைப்பான்) பொருத்தலாம். டிரம் வாசிப்பவர் ரப்பர் அட்டையில் அடித்துப் பழகலாம். சாக்சபோன் மாணவி சத்தமில்லாமல் விரல்களை மட்டும் ஓட்டியபடி ஸ்வரத்தை வாயால் பாடலாம். பாடிப் பழகுவது, அடுத்துச் சொல்லப்போகும் தனி வாசிப்புக்கு நேரடியாக உதவும்.

தனி வாசிப்புக்குத் தயாராவது

ஜாஸ் கற்கும் எவரும் முதலில் கற்றுக்கொள்ளும் கட்டு, பன்னிரண்டு பார் கொண்ட புளூஸ் என்ற பாட்டு வடிவம். ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை. நம் ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை என்பதால் இது ஆறு ஆவர்த்தனமாக, அதாவது ஆறு தாளச் சுற்றாக அமைகிறது. முதல் இரண்டு ஆவர்த்தனங்களும் ஷட்ஜத்தில் எழும் கார்டில் நிற்கும். மூன்றாவது மத்தியமத்துக்குப் போகும். நான்காவது ஷட்ஜத்துக்குத் திரும்பும். ஐந்தாவதன் முதல் பாதி பஞ்சமத்திலும், பிற்பாதி மத்தியமத்திலும் இருக்கும். ஆறாவது மீண்டும் ஷட்ஜம். தாளம் போட்டபடி ஒவ்வோர் இடத்திலும் ச, ம, ப என்று அடி ஸ்வரத்தை மட்டும் பாடி, இந்தச் சுற்று தூக்கத்திலும் தவறாதபடி பழக வேண்டும். தனி வாசிப்பில் மாணவிகள் தயங்குவதற்குப் பெரும்பாலும் கூச்சம் காரணமென்று சொல்லப்படுகிறது. சுற்றில் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் இருப்பதுதான் பல நேரங்களில் உண்மையான காரணம். அது தெரிந்துவிட்டால் கூச்சத்தில் பெரும்பகுதி போய்விடும்.

வாசிப்பதற்கான ஸ்வரங்களும் நமக்கு அந்நியமானவை அல்ல. சுத்த தன்யாசியின் ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், ப, கைசிகி நிஷாதம் ஆகிய ஐந்தோடு பிரதி மத்தியமத்தைக் கடந்துபோகும் ஸ்வரமாகச் சேர்த்தால் புளூஸ் ஸ்கேல் கிடைத்துவிடும். காந்தாரத்தைச் சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவில் வளைத்து ஊதுவதில்தான் அந்த இசையின் உயிர் இருக்கிறது. கமகம் பழகிய மாணவிக்கு இந்த வளைவு சீக்கிரம் பிடிபடும். ஆனால் ராகமாக ஆலாபனை செய்யத் தொடங்கிவிடாமல், சிறுசிறு வாக்கியங்களாகப் பேசி இடைவெளிவிடப் பழக வேண்டும்.

பள்ளிக் குழுக்கள் பி ஃபிளாட்டில் தொடங்குவது வசதி. நம் கணக்கில் ஆறரைக் கட்டை. கீபோர்டு, டிராம்போன், பேஸ் வாசிப்போர் அதை அப்படியே வாசிப்பார்கள். சில ஊதுகருவிகளில் தாளில் எழுதும் ஸ்வரப் பெயரும் ஒலிக்கும் சுருதியும் வேறுவேறு. அதனால் டிரம்பெட்டும் டெனார் சாக்சபோனும் தங்கள் தாளில் சி என்று பார்த்து வாசிக்க வேண்டும். ஆல்டோ சாக்சபோன் ஜி என்று பார்த்து வாசிக்க வேண்டும். இதை யாரும் சொல்லித் தராமல் விட்டால், புதிதாகச் சேர்ந்த ஆல்டோ மாணவி சரியாக வாசித்தும் சுருதி சேராமல் தன்னைத்தானே நொந்துகொள்வாள்.

நடையைப் பொறுத்தவரை, மிதமான வேகத்தில் ஒவ்வோர் எண்ணிக்கையையும் திஸ்ரமாக, "தகிட" என்று நினைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு எழுத்தையும் சேர்த்து நீட்டி, மூன்றாவதைக் குறுக்கி வாசித்தால் ஸ்விங் நடை வந்துவிடும். வேகம் கூடும்போது இந்த நீட்டலும் குறுக்கலும் தாமாகவே சமமாகிக்கொண்டு போகும். கைதட்டு இரண்டாவது, நான்காவது எண்ணிக்கைகளில் விழ வேண்டும். முதல் எண்ணிக்கையில் தட்டிப் பழகிய நமக்கு இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும்.

இனி வரிசையாகப் பயிற்சி. முதல் வாரம் ஷட்ஜம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, தாளத்தை மாற்றி மாற்றி வாசிக்க வேண்டும்; ஒரே ஸ்வரத்தில் இத்தனை பேச முடியுமா என்று மாணவிகளே வியப்பார்கள். அடுத்து ச, க, ம மூன்றும். பிறகு ஆசிரியர் இரண்டு பார் வாசிக்க, மாணவி அதைக் காதால் கேட்டுத் திருப்பி வாசிப்பது. அதன்பின் திருப்பிச் சொல்லாமல் பதில் சொல்வது. தாளைப் பார்த்து வாசிப்பதில் தேர்ந்த மாணவிகள் இந்த இடத்தில் மிகவும் திணறுவார்கள். எழுதப்பட்டதைப் பிழையின்றி வாசித்துப் பாராட்டு வாங்கியே வளர்ந்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்கள் தங்கள் முதல் தனி வாசிப்பை வீட்டில் யோசித்து எழுதிக்கொண்டு வரலாம். அதில் குற்றம் எதுவும் இல்லை. அடுத்த முறை அதில் கடைசி நான்கு பாரை மட்டும் அழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். அதற்கடுத்த முறை எட்டு பார். இப்படியே தாள் வெறுமையாகும்.

தவறான ஸ்வரம் விழுந்தால் முகத்தைச் சுளிக்காமல், அரைச் சுருதி மேலோ கீழோ நகர்ந்தால் சரியான ஸ்வரம் கிடைத்துவிடும். அந்த நகர்வை நிதானமாகச் செய்தால் கேட்பவருக்கு அது வேண்டுமென்றே வாசித்ததாகவே தோன்றும். இதை ஒரு பயிற்சியாகவே வைத்து, வேண்டுமென்றே பொருந்தாத ஸ்வரத்தில் தொடங்கி வெளியேறி வரச் சொல்லலாம்.

தனி வாசிப்பை ஆசிரியர் பகிர்ந்தளிக்கும் முறைதான் எல்லாவற்றிலும் முக்கியம். "யார் சோலோ வாசிக்கிறீங்க?" என்று பொதுவாகக் கேட்டால் எப்போதும் அதே இரண்டு மூன்று கைகள்தான் உயரும், பெரும்பாலும் அவை மாணவர்களின் கைகள். அந்தக் கேள்வியை ஒத்திகையிலிருந்து நீக்கிவிடுங்கள். வட்டமாக உட்காரவைத்து, எல்லோருக்கும் நான்கு பார், வரிசை தவறாமல், விருப்பம் கேட்காமல், ஒவ்வோர் ஒத்திகையிலும் கொடுங்கள். மேடை நிகழ்ச்சிக்கு யார் எந்தப் பாட்டில் எத்தனை பார் என்று இரண்டு வாரம் முன்பே பலகையில் எழுதிப் போடுங்கள். யார் எத்தனை முறை வாசித்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால், பருவ முடிவில் அந்த நோட்டு உண்மையைச் சொல்லும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெதுவாகப் பேசு, மெதுவாகச் சிரி என்று கேட்டு வளர்ந்த மாணவி கருவியையும் மெதுவாகவே ஊதுவாள். அவளிடம் "சத்தமா வாசி" என்று சொல்வதால் பயனில்லை. மைதானத்துக்கு அழைத்துப் போய், எதிர்க்கோடியில் இருக்கும் வேப்பமரத்தடியில் அவளுடைய தோழியை நிறுத்தி, அங்கே தெளிவாகக் கேட்கும்வரை ஒரே ஸ்வரத்தை நீட்டி ஊதச் சொல்லுங்கள். கேட்டதும் தோழி கையைத் தூக்கட்டும். தொண்டையை இறுக்காமல் வயிற்றிலிருந்து மூச்சைச் செலுத்தினால்தான் அந்தத் தூரத்தை எட்ட முடியும் என்பது அவளுக்குத் தானே புரிந்துவிடும்.

பாராட்டும்போது "பொண்ணா இருந்தும் இப்படி ஊதுதே" என்று சொல்லாதீர்கள். ஐந்தாவது ஆவர்த்தனத்தில் பஞ்சமத்துக்கு நீ போன விதம் அழகு என்று இசையைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

பொறுப்புகள், உடை, பாதுகாப்பு

வருகைப் பதிவேடு எழுதுவது, நோட்ஸ் ஜெராக்ஸ் எடுப்பது, டீ வாங்கி வருவது ஆகிய வேலைகள் மாணவிகளிடமும், ஆம்ப்ளிஃபயர் இணைப்பது, மைக் வைப்பது, ஒன் டூ த்ரீ ஃபோர் என்று எண்ணிப் பாட்டைத் தொடங்கிவைப்பது ஆகியவை மாணவர்களிடமும் தாமாகவே போய்ச் சேர்ந்துவிடுகின்றன. பாட்டின் வேகத்தை முடிவு செய்பவர் கையில்தான் குழு இருக்கிறது. அந்த எண்ணிக்கையை மாணவிகளும் முறைவைத்துச் சொல்ல வேண்டும். கேபிளைச் சுற்றவும், ஹம் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவும் அவர்களும் பழக வேண்டும்.

பாவாடை சீருடையில் டிரம் செட்டின் முன் உட்கார முடியாது. ஒத்திகைக்கும் மேடைக்கும் சுடிதாரோ பேண்ட்டோ அணிய எழுத்து மூலம் அனுமதி பெற்றுவிடுவது நல்லது.

மூச்சையும் நிற்கும் நிலையையும் திருத்துவதற்காக ஆசிரியர் மாணவியின் வயிற்றையோ தோளையோ தொட வேண்டிய தேவை இல்லை. ஆளுயரக் கண்ணாடி ஒன்றை மாட்டினால் அவளே பார்த்துத் திருத்திக்கொள்வாள். தரையில் மல்லாந்து படுத்து வயிற்றில் ஒரு புத்தகத்தை வைத்து மூச்சுவிட்டால் அது ஏறி இறங்குவதை அவளே காண்பாள். வெளியாசிரியர் வரும் நாட்களில் ஆசிரியை ஒருவர் அறையில் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். யாராவது எல்லை மீறினால் வகுப்பாசிரியையிடமோ வீட்டிலோ உடனே சொல்லலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும், பள்ளி மாணவர்களுக்கான 14417 என்ற எண்ணிலும் பேசலாம். இந்த இரண்டு எண்களையும் பேண்டு அறையின் சுவரில் பெரிதாக எழுதிவைக்க வேண்டும்.

பத்தாம் வகுப்பும் அதன் பிறகும்

பொதுத்தேர்வு ஆண்டு வந்ததும் குழுவிலிருந்து முதலில் நிறுத்தப்படுவது மாணவிகள்தான். முழுவதும் நிறுத்துவதற்குப் பதிலாக, அந்த ஆண்டில் சனிக்கிழமை ஒத்திகைக்கு மட்டும் வரலாம், மேடை நிகழ்ச்சி வேண்டாம் என்று பெற்றோரிடம் பேசி முடிவு செய்யுங்கள். அவளுடைய நாற்காலியை வேறு யாருக்கும் நிரந்தரமாகக் கொடுக்காதீர்கள். சான்றிதழ் வேண்டும் என்று கேட்கும் பெற்றோருக்கு, டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் தேர்வுகளில் புல்லாங்குழல், கிளாரினெட், சாக்சபோன் ஆகியவற்றுக்கு ஜாஸ் பாடத்திட்டமே தனியாக உண்டு என்று சொல்லலாம். இங்கே புல்லாங்குழல் என்பது சாவிகள் பொருத்திய மேற்கத்தியக் கருவி. மேற்கொண்டு இசையையே படிக்க விரும்பும் மாணவிக்கு, ஏ.ஆர். ரகுமான் 2008-இல் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி இரண்டு மணி நேர ரயில் பயணத் தொலைவில் இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவிகள் கலைத் திருவிழாவின் கருவியிசைப் பிரிவுகளைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

பள்ளிக் குழு எவ்வளவு தூரம் போக முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாறு சொல்வேன். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் பைனி வுட்ஸ் பள்ளி, ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளுக்கானது. 1937-இல் அந்தப் பள்ளிக்கு நிதி திரட்டுவதற்காக அதன் மாணவிகளைக் கொண்டு ஒரு ஜாஸ் குழு அமைக்கப்பட்டது. இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம் என்ற அந்தக் குழுவில் சாக்சபோன், டிரம்பெட், டிராம்போன், டிரம் எல்லாமே பெண்கள்தான். 1941-இல் அவர்கள் பள்ளியிலிருந்து பிரிந்து சொந்தமாகத் தொழில் செய்யத் தொடங்கினார்கள். 1945-இல் ஐரோப்பாவுக்குப் போய் அங்கிருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்கு வாசித்தார்கள். பதினேழு நாற்காலிகளும் தங்களுடையவையாக இருந்ததால் அந்த மாணவிகளிடம் "நீ பாடும்மா" என்று யாரும் சொல்ல வாய்ப்பில்லாமல் போயிற்று. நம் பெண்கள் பள்ளிகளுக்கு இந்த வாய்ப்பு இன்றும் திறந்தே இருக்கிறது. இருபாலர் பள்ளிகள்தான் மெனக்கெட வேண்டும்.

அந்த மெனக்கெடலை ஜூன் மாதத்தில், பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்குவது நல்லது. ஆறாம் வகுப்பு மாணவ மாணவியர் அனைவரையும் பேண்டு அறைக்கு அழைத்து, ஒவ்வொருவர் கையிலும் எல்லாக் கருவிகளையும் ஐந்து நிமிடமாவது கொடுத்துப் பாருங்கள். மௌத்பீஸைத் துடைக்க வெந்நீரும் சுத்தமான துணியும் தயாராக இருக்கட்டும். அன்று டிராம்போனையும் பேஸையும் டிரம் செட்டையும் வாசித்துக் காட்டுவது ஒன்பதாம் வகுப்பு அக்காக்களாக இருக்க வேண்டும். யாருக்கு எது பிடித்தது என்று அவரவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். எதைக் கொடுப்பது என்ற பேச்சு அந்தத் தாள்களைப் படித்த பிறகு தொடங்கட்டும்.